நாய்க்குட்டிக்கு ஒரு கம்பளி

ஹல், 4 அக்டோபர் 1955

அன்புள்ள வால்டர் அண்ணனுக்கு,

தங்கை ஹில்டா எழுதுவது. நானும் லென்னும் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எஸ்தர் அண்ணிக்கு இருமல் நின்றதா? ஆட்டுச் சந்தை முடிந்து மூச்சு விட்டிருப்பீர்கள் என்று பார்த்துத்தான் எழுதுகிறேன்.

காரியம் இல்லாமல் இவள் எழுத மாட்டாளே என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே வரை கேட்கிறது. ஆமாம், காரியம்தான். உங்கள் மருமகன் லென்னுக்கு நாய்க்குட்டி வேண்டுமாம். அதுவும் உங்கள் வீட்டு டெரியர் ஜாதிதான் வேண்டுமாம். மூன்று வாரம் ஐஸ்லாந்துக்கு அப்பால் மீன்வலை இழுத்துவிட்டு மூன்று நாள் வீட்டுக்கு வருகிறான். இவன் வயசுப் பையன்கள் அந்த மூன்று நாளும் புது சூட் போட்டுக்கொண்டு டாக்ஸியில் சுற்றுகிறார்கள். இவன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, மாமா வீட்டு நாய் மாதிரி ஒண்ணும்மா" என்று ஆரம்பித்துவிடுகிறான். யுத்தத்தில் குண்டுக்குப் பயந்து நாலு வருஷம் அவனை உங்களிடம் விட்டு வைத்தேனே, அதன் பலன். பிள்ளையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தீர்கள், கூடவே நாய்ப் பைத்தியத்தையும் கட்டிக் கொடுத்தீர்கள்.

"நீ பாட்டுக்குக் கப்பல் ஏறிடுவே. அதுக்குப் பின்னால அள்ளிக் கொட்டறது யாரு?" என்று கேட்டேன்.

"அப்பா போனதுலேருந்து நீ சுவத்தோட பேசிட்டிருக்கேன்னு டாரிஸ் பெரியம்மா சொன்னாங்க. நாயோட பேசினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்கிறான். பக்கத்து வீட்டு டாரிஸ் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

மலையில் பிறந்தவள் இந்தக் கடல்காரத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. வழியனுப்பும்போது கையசைக்கக் கூடாது, பச்சை உடுத்தக் கூடாது, கப்பல் கிளம்புகிற நாளில் துணி துவைக்கக் கூடாது. துவைத்தால் ஆளைக் கடல் அலசிக்கொண்டு போய்விடுமாம். இத்தனை 'கூடாது'களோடு நாயின் 'கூடாது'களையும் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை. நீங்களே ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

ஹில்டா


கர்லூஹோப் பண்ணை, 19 அக்டோபர் 1955

அன்புத் தங்கை ஹில்டாவுக்கு,

முழங்கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எஸ்தருக்கு இருமல் போய்த் தும்மல் வந்திருக்கிறது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

தட்டிக் கழிக்க நான் ஆள் இல்லை. லென்னுக்கு இல்லாத குட்டி யாருக்கு? என் நாய் நெட்டில் சினையாக இருக்கிறாள், நவம்பர் முதல் வாரம் போடுவாள். ஆனால் சும்மா தூக்கிக் கொடுக்கிற வழக்கம் இந்த வீட்டில் கிடையாது. இது மடியில் வைத்துக் கொஞ்சுகிற ஜாதி இல்லை. நரி வளைக்குள் நுழைந்து நரியோடு மல்லுக்கு நிற்கிற ஜாதி. உன் வீட்டுக் கொல்லை மதிலில் உள்ளங்கை அகலம் ஓட்டை இருந்தாலும் அடை. பூண்டுச் செடி, ரோஜாச் செடி எதுவும் மிஞ்சாது, இப்போதே சொல்லிவிட்டேன். படுக்க உயரமான பெட்டி வேண்டும். உள்ளே போடுகிற கம்பளியைக் கொதிநீரில் போட்டுத் துவைத்துக் காயவை, பூச்சி இருக்கக் கூடாது. முதல் சில நாள் தாயைத் தேடி அழும். பழைய அலாரம் கடிகாரத்தைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் டிக்டிக்கைக் கேட்டுக்கொண்டு தூங்கிவிடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இந்த நாய்க்கு எஜமான் ஒருத்தர்தான். அந்த ஆள் உடுத்திக் கழற்றிய துணி ஒன்று, துவைக்காமல், தாயும் குட்டிகளும் படுக்கிற வைக்கோலில் கிடக்க வேண்டும். அதன் மேலேயே குட்டி வளரும். பிறகு எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் அந்த வாசம் இருக்கிற வீடு அதற்குத் தன் வீடுதான். உன் துணியா, அவன் துணியா, நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். இரண்டும் வேண்டாம், குட்டி குழம்பிவிடும்.

அண்ணன்
வால்டர்


ஹல், 14 நவம்பர் 1955

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் அஞ்சலட்டை வந்தது. ஐந்து குட்டிகளா! நெட்டில் தேறிவிட்டாளா? அண்ணி அவளுக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது எனக்குத் தெரியும், நான் பிள்ளை பெற்றபோது எனக்குக் கொடுத்த அதே கஞ்சிதான். இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விட மாட்டேன் என்கிறது.

லென் வந்த மூன்று நாளில் ஒரு நாளைத் தச்சு வேலைக்கே கொடுத்துவிட்டான். மீன் துறையிலிருந்து ஒரு மரப்பெட்டி கொண்டுவந்து, அதை இழைத்து, ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக அறுத்து வைத்திருக்கிறான். நான் ஏழு தடவை சோடா போட்டுத் தேய்த்தும் ஹாடக் மீன் நாற்றம் போகவில்லை. "போக வேண்டாம்மா. அது யாரு வீட்டுக்கு வருதுன்னு அதுக்குத் தெரியட்டும்" என்கிறான். மதில் ஓட்டையை அடைத்தாயிற்று. டாரிஸ் அக்காவின் பூனைக்கு வழி போயிற்று என்று அவளுக்கு என் மேல் கோபம்.

துணி விஷயத்தில் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. வீட்டில் இருக்கப்போகிறவள் நான், சோறு போடப்போகிறவள் நான், ஆகவே என் ஏப்ரன்தான் போக வேண்டும் என்றேன்.

"உன் ஏப்ரன்ல வெங்காயமும் சோப்பும்தான்மா மணக்கும். குட்டி உன்னைச் சமையல்காரின்னு நினைச்சுக்கும்."

"அப்ப நீ யாருடா, துரையா?"

"நான்தான் எஜமான். மாமாவே எழுதியிருக்காரு பாரு, ஒருத்தர்தான்னு."

தோற்றது நான்தான், வேறென்ன. டிசம்பர் முதல் வாரம் கரைக்கு வந்ததும் நேரே அங்கே வந்து குட்டியைப் பொறுக்கப்போகிறானாம். ரயிலும் பேருந்துமாகப் போகவர இரண்டு நாள். மிச்சம் ஒரு நாள் பெற்றவளுக்கு. ஒன்று சொல்லட்டுமா, எனக்கும் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஹில்டா


கர்லூஹோப் பண்ணை, 9 டிசம்பர் 1955

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். உன் பிள்ளை வந்தான், நாலு ஆள் சாப்பாடு சாப்பிட்டான், போனான். எஸ்தர் இன்னும் அவன் சாப்பிட்டதையே சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள்.

மாட்டுக்கொட்டகை வைக்கோலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாலு குட்டிகள் ஓடி வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தன. யாராக இருந்தாலும் அதில் முதலில் வந்ததைத்தான் கேட்பார்கள். ஐந்தாவது ஒன்று, கறுத்த மூஞ்சி, ஓரமாக நின்று இவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக வந்து அவன் பூட்ஸில் காய்ந்திருந்த உப்பை நக்கிவிட்டு, அதன் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டது.

"இதுதான் மாமா."

"இதுவா? சோம்பேறிடா அது."

"மத்ததெல்லாம் யார் வந்தாலும் ஓடி வரும் மாமா. இது யாருன்னு பார்த்துட்டுத்தான் வந்துச்சு."

முப்பது வருஷமாகக் குட்டி பார்க்கிறவன், எனக்கே அது தோன்றவில்லை. நெட்டிலைத் தூக்கி அவன் கையில் கொடுத்து, தோளுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளக்கச் சொன்னேன். "ரெண்டு கைக்குள்ள அடங்கணும். அடங்குற நாய்தான் நரி வளைக்குள்ள போயிட்டுத் திரும்பி வரும்." அவன் விரல்களெல்லாம் உப்பில் வெடித்துக் கிடந்தன, ஹில்டா, எண்ணெய் ஏதாவது தடவிவிடு. அளந்து பார்த்துவிட்டு, "திரும்பி வரணும், அதானே மாமா முக்கியம்" என்றான்.

பேர் என்னடா என்று கேட்டேன். "வச்சுட்டேன். ஆனா கூட்டிட்டுப் போக வர்றப்பதான் சொல்வேன்" என்று சிரிக்கிறான். அதனால் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி 'லென்னோடது' என்று கூப்பிடுகிறோம்.

கிளம்பும்போது போட்டிருந்த ஸ்வெட்டரை அப்படியே கழற்றி வைக்கோலில் வைத்தான். பனி கொட்டுகிறது, என்ன சொல்லியும் கேட்கவில்லை. என் பழைய கோட்டைப் போட்டு அனுப்பினேன். அடுத்த பயணமும் அதற்கடுத்ததும் முடித்துவிட்டு, ஜனவரி 20 வாக்கில் வந்து குட்டியைக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

வால்டர்


ஹல், 30 டிசம்பர் 1955

அன்புள்ள அண்ணன், அண்ணிக்கு,

கிறிஸ்துமஸ் நன்றாகப் போனதா? நீங்கள் அனுப்பிய ஆட்டுத்தொடை வந்து சேர்ந்தது. லென் பண்டிகைக்கு மறுநாள்தான் கரை சேர்ந்தான். புட்டிங்கைத் தொடாமல் வைத்திருந்தேன், நாங்கள் ஒரு நாள் தள்ளிப் பண்டிகை கொண்டாடினோம்.

அண்ணா, உங்கள் மேல் எனக்கு வருத்தம். அந்த ஸ்வெட்டர் போன குளிர்காலம் பூராவும் நான் பின்னியது. அதை நாய்க்குப் போட்டுவிட்டு, பட்டன் இல்லாத கோட்டில் என் பிள்ளை மூக்கு ஒழுக வந்து நிற்கிறான்! கேட்டால், "குட்டிக்குக் குளிரும்மா" என்கிறான்.

நேற்று வியாழக்கிழமை விடியற்காலை, கடல்நீர் ஏறுகிற நேரத்தில் அவன் கப்பல் 'மார்ஸ்டேல்' கிளம்பியது. போகிற அவசரத்தில் தன் கட்டிலிலிருந்து கம்பளியை உருவி என் தோளில் போட்டு, "குட்டிக்கு இது. கொதிக்க வச்சுடு, மாமா எழுதியிருக்காரு" என்றான். வெளியே பார்த்தால் மூன்று வாரமாக இல்லாத வெயில், நல்ல காற்று. உடனே துவைத்துக் கொடியில் போட்டேன். டாரிஸ் அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஹில்டா! இன்னிக்கா துவைக்கிறே? பையன் இப்பத்தானே போனான்?"

"நாய்க்குப் போடற கம்பளி இது, அக்கா. நாயா கடலுக்குப் போயிருக்கு?" என்று சிரித்தேன். அவள் முகத்தைக் கோணிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மலைக்காரிக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பாள்.

அவன் மற்ற துணியெல்லாம் இன்று துவைத்து முடித்தேன். ஒரு சாக்ஸ் மட்டும் ஜோடி இல்லாமல் நிற்கிறது. எங்கே கழற்றி எறிந்தானோ, கடன்காரன்.

எல்லாம் தயார். குட்டி வர வேண்டியதுதான் பாக்கி. புத்தாண்டு நல்லபடியாகப் பிறக்கட்டும்.

ஹில்டா


கர்லூஹோப் பண்ணை, 25 ஜனவரி 1956

ஹில்டா,

நேற்று மாலை வானொலியில் கேட்டோம். பதினான்காம் தேதிக்குப் பிறகு மார்ஸ்டேலிடமிருந்து சத்தமே இல்லை என்றார்கள். மேல்தளத்தில் பனிக்கட்டி ஏறிக் கப்பல் கனக்கிறது என்று கடைசியாகச் சொன்னார்களாம். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். உனக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும்.

இருபதாம் தேதி வரவில்லையே, காற்று சரியில்லாமல் தாமதமாகியிருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எஸ்தர் அவனுக்காகச் சுட்ட ரொட்டி அப்படியே இருக்கிறது.

பாதை பனியில் மூடிக் கிடக்கிறது, திறந்ததும் வருகிறேன். ஒரு வரி எழுது.

வால்டர்


கர்லூஹோப் பண்ணை, 11 பிப்ரவரி 1956

அன்புத் தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? தேடுவதை நிறுத்திவிட்டதாகப் பேப்பரில் பார்த்தோம். மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. உன் பக்கத்து வீட்டம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். 'நடமாடுகிறாள், பேசுவதில்லை' என்று எழுதியிருக்கிறார். பேசாத ஹில்டாவை நான் பார்த்ததே இல்லை.

வரட்டுமா என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. நீ வரச் சொல்லாமல் வந்து உன் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

கேட்கக் கூடாததுதான், கேட்டுத்தான் ஆக வேண்டும். மற்ற நாலு குட்டிகளும் போய்விட்டன. அது மட்டும் இங்கே இருக்கிறது. வேட்டைக்காட்டுக் காவலாளி இரண்டு தடவை கேட்டுவிட்டார். என்னால் கொடுக்க முடியவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்.

வால்டர்


ஹல், 20 பிப்ரவரி 1956

அண்ணனுக்கு,

இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

குட்டியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுங்கள். இங்கே கொண்டுவர வேண்டாம். ஏன் என்று கேட்க வேண்டாம்.

அவன் ஸ்வெட்டரை மட்டும் அனுப்புங்கள். அப்படியே அனுப்புங்கள். வைக்கோல் ஒட்டியிருந்தாலும் நாய் கடித்திருந்தாலும் பரவாயில்லை, உதறக்கூட வேண்டாம். இங்கே எதிலும் அவன் வாசம் இல்லை. எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கி வைத்துவிட்டேன். எவ்வளவு நல்ல குடும்பப் பெண் நான் பாருங்கள். அலமாரியைத் திறந்தால் சோப்புதான் மணக்கிறது. அவன் அறையைச் சாத்தி ஒரு மாதம் ஆகிறது.

துவைத்துவிடாதீர்கள்.

ஹில்டா


கர்லூஹோப் பண்ணை, 1 மார்ச் 1956

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஏழு நாள் ஆயிற்று. இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ என்னைத் திட்டு. எஸ்தரைத் திட்டாதே.

அவள் துவைத்துவிட்டாள்.

உன் கடிதம் வருவதற்கு நாலு வாரம் முன்னாலேயே, வானொலியில் கேட்ட மறுநாளே செய்துவிட்டாள். சாவு விழுந்த வீட்டுக்கு அழுக்குத் துணியா அனுப்புவது என்று வைக்கோலிலிருந்து எடுத்து ஊறவைத்து, அலசி, நெருப்புக்கு முன்னால் காயவைத்து, குட்டிகள் கடித்த முழங்கையைத் தைத்து, லாவெண்டர் வைத்துக் கட்டி வைத்திருந்தாள். பாதை திறந்ததும் உன்னிடம் என் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று. உன் கடிதத்தை நான் படித்துக் காட்டியபோது அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் பாவி, நான் பாவி" என்கிறாள், வேறு பேச்சு இல்லை.

நானும் அதை முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பைத் தவிர ஒன்றும் இல்லை, தங்கச்சி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எஸ்தர் ஸ்வெட்டரை எடுத்துப்போன பிறகும் குட்டி அந்த இடத்து வைக்கோலை விட்டு நகரவில்லை. கறி போட்டால் கவ்விக்கொண்டு அங்கேயே வந்து படுக்கிறது. உன் பிள்ளையின் வாசம் தெரிந்த ஜீவன் இந்த வீட்டில் அது ஒன்றுதான். அதை நான் காவலாளிக்கு எப்படிக் கொடுப்பேன்?

வால்டர்


ஹல், 10 மார்ச் 1956

அன்புள்ள எஸ்தர் அண்ணிக்கு,

அழாதீர்கள். அழுதால் உங்களுக்கு இருமல் வந்துவிடும். கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். உங்கள் மேல் இல்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நானும்தான் துவைத்தேன்.

நீங்கள் துவைத்தது அவன் போன பிறகு. நான் துவைத்தது அவன் கப்பல் ஆற்று முகத்தைத் தாண்டுவதற்குள். டாரிஸ் அக்கா எச்சரித்தும் துவைத்தேன். நாயின் கம்பளி என்று சிரித்தேன். அது நாயின் கம்பளியா அண்ணி? அவன் பன்னிரண்டு வருஷம் போர்த்திக்கொண்டு தூங்கியது. அவன் கட்டிலிலிருந்து வந்தது. அது யாருடையது என்று கடலுக்குத் தெரியாமலா இருக்கும்?

இருபத்திரண்டு வருஷம் கைகூட அசைக்காமல் வழியனுப்பினேன். அவன் அப்பாவை ஒரு தடவைகூடக் கடல் தொடவில்லை, கடைசியில் நிமோனியாவில் என் கட்டிலில்தான் போனார். ஒரே ஒரு நாள், வெயில் நன்றாக அடிக்கிறதே என்று ஆசைப்பட்டேன்.

டாரிஸ் அக்கா இன்றுவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சூப் கொண்டுவந்து வைக்கிறாள், என் கொல்லைக் கொடிக்கயிற்றின் பக்கம் பார்க்காமல் போகிறாள். அவள் நாலு வார்த்தை திட்டினால் தேவலை.

கம்பளியைக் கரிக்கொட்டகையில் போட்டுவிட்டேன். குட்டி ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனால் அதைப் பார்த்தால் எனக்கு அந்தக் கொடிதான் கண்ணில் வரும். அண்ணனிடம் சொல்லுங்கள், கொண்டுவர வேண்டாம்.

ஹில்டா


கர்லூஹோப் பண்ணை, 19 மார்ச் 1956

ஹில்டா,

உன் கடிதத்தை எஸ்தர் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். இரண்டு நாளாகச் சாப்பிடுகிறாள்.

எனக்குக் கடல் சாஸ்திரம் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். நம் அம்மா திங்கள்கிழமை தவறாமல் துவைத்தாள். அப்பா திங்கள்கிழமை தவறாமல் மலைக்குப் போய், தவறாமல் திரும்பி வந்தார். வராமல் போனது ஒரு வியாழக்கிழமை. அன்று நம் கொடியில் ஒரு கந்தல்கூட இல்லை. உனக்கு அப்போது பத்து வயது. மூன்றாம் நாள் பனிக்குள்ளிருந்து தூக்கி வந்தார்கள். யார் துவைத்தார்கள், சொல்.

சனிக்கிழமை வருகிறேன். குட்டியோடுதான் வருகிறேன். வேண்டாம் என்றால் அதே வண்டியில் திருப்பிக் கூட்டி வந்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆட்டுக்குட்டிகள் பிறக்கத் தொடங்கிவிட்டால் மே மாதம் வரை நான் நகர முடியாது. அதனால் இப்போதே.

வால்டர்


ஹல், 3 ஏப்ரல் 1956

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பேருந்தில் நின்றுகொண்டே போயிருப்பீர்கள், முழங்கால் என்ன சொல்கிறது? அண்ணிக்கு என் அன்பு.

நீங்கள் இங்கே இருந்த அன்று நான் சரியாகப் பேசவில்லை. குட்டியைத் தொடவில்லை. ஸ்வெட்டர் பொட்டலத்தையும் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியை விட்டுவிட்டு, "பிடிக்கலேன்னா ஒரு கார்டு போடு, வந்துடறேன்" என்று போய்விட்டீர்கள். பத்து நாளாகக் கார்டு வரவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் வரை குட்டி வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, உங்களைத்தான் தேடுகிறது என்று நினைத்தேன். பிறகு எழுந்து வீட்டை முகர ஆரம்பித்தது. மீன் பெட்டி, மேசைக் கால், லென் உட்காருகிற நாற்காலி. நாற்காலிக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றது. நிமிர்ந்து மாடிப்படியைப் பார்த்தது. ஒரு படி ஏறும், சறுக்கும், மறுபடி ஏறும். மேலே போய் அவன் அறைக் கதவைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டது.

நான் அடுப்பங்கரையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுரண்டல் நிற்கவில்லை. கூடவே ஒரு முனகல், பசித்த பிள்ளை முனகுகிற மாதிரி. தாங்க முடியாமல், "டேய்! கீழே வாடா!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் உறைத்தது. டிசம்பருக்குப் பிறகு இந்த வீட்டில் நான் யாரையும் டேய் என்று கூப்பிடவில்லை.

இழுத்து வந்துவிடலாம் என்று மேலே போனேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்துவிட்டேன் அண்ணா. நேரே கட்டிலுக்கு அடியில் போயிற்று. சுவருக்கும் கட்டில் காலுக்கும் நடுவில் தலையை நுழைத்து, பின்னங்காலால் தரையை உந்தி, எதையோ இழுத்தது. தூசியும் தானுமாக வெளியே வந்தது. வாயில் அந்தச் சாக்ஸ். ஜோடி இல்லாமல் நின்ற சாக்ஸ்.

வியர்வை காய்ந்து விறைத்துக் கிடந்தது. வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டேன். அதில் அவன் இருந்தான். தரையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதேன். கடலோடிகள் மிஷன்காரர் வந்து வாசலில் நின்று கப்பல் போய்விட்டது என்று சொன்னபோதுகூட அழவில்லை. குட்டி என் மடியில் ஏறி, சாக்ஸின் மறுமுனையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இழுக்கவில்லை, விடவும் இல்லை.

கரிக்கொட்டகையிலிருந்து கம்பளியை எடுத்து வந்தேன். துவைக்கவில்லை, உதறிவிட்டு அப்படியே பெட்டியில் விரித்தேன். கறுப்பாக இருக்கிறது, அதன் மூஞ்சிக்கு அது பொருத்தம்தான். ஸ்வெட்டரைப் பொட்டலத்திலிருந்து எடுத்து நான் போட்டுக்கொண்டேன். முழங்கைத் தையல் நன்றாக இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லுங்கள். நேற்று டாரிஸ் அக்கா வந்தாள், குட்டியைப் பார்த்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள். இருவரும் கொடியைப் பற்றிப் பேசவில்லை.

குட்டிக்கு என்ன பேர் வைத்திருந்தான் என்று லென் சொல்லாமல் போய்விட்டான். நானாக ஒன்று வைக்க மனசு வரவில்லை. டேய் என்றுதான் கூப்பிடுகிறேன், வருகிறான்.

சாக்ஸ் அவனிடம்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை கேட்டு வாங்குகிறேன், கொடுக்கிறான். முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. இன்னும் சில நாளில் என் மூக்குக்கு எட்டாமல் போய்விடும். அவன் மூக்குக்கு அப்போதும் எட்டும். அதனால்தான் அண்ணா, கார்டு போடவில்லை.

உங்கள் தங்கை
ஹில்டா